கோல் சூடாகிறது, ஏன்? ஹீட்டர் கோல் லூப்பில் அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கும் வழி

அணு உலையின் எரிபொருள் கோல்களைச் சுற்றித் தண்ணீர் எப்படி ஓடுகிறது, வெப்பத்தை எப்படி அள்ளிக்கொண்டு போகிறது என்று அறிய நேரடியாக உலைக்குள் கருவியை நுழைத்துவிட முடியாது. அதனால் யுரேனியத்துக்குப் பதில் மின்சாரத்தால் சூடாகும் கோல்களை அதே பருமனில், அதே இடைவெளியில் நிறுத்தி, மூடிய குழாய்ச் சுற்று ஒன்றில் தண்ணீரை ஓட்டி அளக்கிறோம். லூப் என்பது இதைத்தான். பல வருடங்களாக நான் பார்த்துக்கொள்வது அப்படியொரு சிறிய லூப். அதில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளையும், அவற்றை எந்த வரிசையில் தேடினால் நேரம் மிச்சமாகும் என்பதையும் எழுதி வைக்கிறேன். இது ஆய்வக லூப்புக்கு மட்டும். உண்மையான உலைக்குத் தனிச் சட்டமும் தனி ஆட்களும் உண்டு.

கீழே வரும் எண்களுக்கு ஒரு அடிப்படை வேண்டும். 3-க்கு 3 என்று ஒன்பது கோல்கள், சேர்ந்து ஒரு கட்டு. விட்டம் 9.5 மி.மீ., மையத்திலிருந்து மையம் 12.6 மி.மீ. அழுத்த நீர் உலைகளின் 17-க்கு 17 கட்டில் இருக்கும் அதே அளவு. ஆக, கோலுக்கும் கோலுக்கும் நடுவே 3.1 மி.மீ. சந்துதான். சூடாகும் நீளம் 1 மீட்டர். நொடிக்கு 2 கிலோ தண்ணீர், மொத்தம் 134 கிலோவாட் கொடுத்தால் தண்ணீர் 16 டிகிரி சூடேறி வெளியே வரும். கோல் பரப்பில் அது சதுர மீட்டருக்கு 500 கிலோவாட். உங்கள் லூப் வேறு அளவாக இருந்தால் விகிதத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில்: குளிர் சோதனை

ஹீட்டரை அணைத்துவிட்டு, பம்பை மட்டும் கால் மணி நேரம் ஓட விடுங்கள். தண்ணீர் ஒரே வெப்பநிலைக்கு வந்த பிறகு எல்லாத் தெர்மோகப்பிளும் (இரு உலோகக் கம்பிகளால் ஆன வெப்பநிலை உணரி) ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். அரை டிகிரிக்குள் இருந்தால் போதும். எது எவ்வளவு விலகுகிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டு, அன்றைய ரீடிங்கில் அதைக் கழித்துவிடுங்கள். ஓட்டத்தை நொடிக்கு 1, 1.5, 2 கிலோ என்று வைத்து, கோல் கட்டின் அழுத்த இழப்பையும் (கட்டைக் கடக்கும்போது தண்ணீரின் அழுத்தம் எவ்வளவு விழுகிறது என்பதை) மூன்று எண்களாக எழுதுங்கள். லூப் புதிதாக இருந்தபோது எடுத்த மூன்று எண்கள் பக்கத்தில் இருந்தால் பாதிப் பிழைகள் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

ஆனால் இந்தச் சோதனை ஒன்றை மட்டும் பிடிக்காது. தெர்மோகப்பிளின் நீட்டிப்புக் கம்பியில் கூட்டலும் கழித்தலும் மாறி மாட்டியிருந்தால், அறையும் தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்கும்போது தவறு வெளியே தெரியாது. இணைப்புத் தலை (தெர்மோகப்பிளும் நீட்டிப்புக் கம்பியும் சேரும் இடம்) 40 டிகிரி, பேனல் 25 டிகிரி என்று ஆகும்போதுதான் ரீடிங் 30 டிகிரி குறைவாகக் காட்டும். அதனால் குளிர் சோதனையின்போதே ஒவ்வொரு இணைப்புத் தலையையும் ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கிப் பாருங்கள். சரியான இணைப்பில் ரீடிங் அசையாது. தலைகீழ் இணைப்பில் கீழே இறங்கும்.

## அறிகுறி 1: வெப்பக் கணக்கு பொருந்தவில்லை

கொடுத்த மின்திறனும் தண்ணீர் எடுத்துக்கொண்ட வெப்பமும் ஒத்துப்போக வேண்டும். தண்ணீர்ப் பக்கக் கணக்கு எளிது: நொடிக்கு இத்தனை கிலோ, பெருக்கல் 4.18 (தண்ணீரின் தன்வெப்பம்), பெருக்கல் வெப்பநிலை ஏற்றம். இரண்டுக்கும் 3 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றைக்கு எடுக்கும் எந்த வெப்ப மாற்று எண்ணையும் நம்பக் கூடாது. கோளாறுகளிலேயே அதிகம் வருவது இதுதான். அதிக நேரம் தின்பதும் இதுதான்.

தண்ணீர்ப் பக்கம் குறைவாக வருகிறதா?

முதலில் ஏற்றம் எவ்வளவு என்று பாருங்கள். நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் வித்தியாசம் 4 டிகிரிதான் என்றால், ஒவ்வொரு உணரியிலும் 0.3 டிகிரி பிழை இருந்தாலே கணக்கில் 15 சதவீதம் போய்விடும். பிழை இருப்பது லூப்பில் இல்லை, நீங்கள் தேர்ந்த நிலையில்தான். ஓட்டத்தைக் குறைத்தோ திறனைக் கூட்டியோ ஏற்றத்தை 10 டிகிரிக்கு மேல் கொண்டு வாருங்கள்.

அது சரியாக இருந்தால் வெப்பக் கசிவைப் பாருங்கள். காப்புறை நனைந்திருக்கிறதா, ஃபிளேஞ்சுகள் திறந்து கிடக்கின்றனவா என்று கையை அருகில் கொண்டுபோனாலே தெரியும். எண்ணாக வேண்டுமென்றால், தண்ணீரைச் சூடாக்கி வைத்துக்கொண்டு ஹீட்டர் இல்லாமல் ஓட்டுங்கள். நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் எவ்வளவு இறங்குகிறதோ அதுதான் கசிவு.

அடுத்தது ஃப்ளோமீட்டர். மின்காந்த ஃப்ளோமீட்டர் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அது வேலை செய்யத் தண்ணீரில் கொஞ்சமாவது மின்கடத்தல் வேண்டும். பெரும்பாலான மீட்டர்களுக்குச் செ.மீ.க்கு 5 மைக்ரோசீமென்ஸ் அளவாவது. லூப்பில் நிரப்புவதோ தாது நீக்கிய சுத்தத் தண்ணீர். தண்ணீர் சுத்தமாகச் சுத்தமாக ரீடிங் தடுமாறும். மீட்டர் மேல் பழி போடும் முன் கடத்தல் மீட்டரைப் பாருங்கள். ஆரிஃபிஸ் தட்டு (நடுவில் துளையுள்ள தகடு, இரு பக்க அழுத்த வித்தியாசத்தை வைத்து ஓட்டத்தைச் சொல்வது) என்றால், ஓட்டம் பத்தில் ஒன்றானால் அழுத்த வித்தியாசம் நூறில் ஒன்றாகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். குறைந்த ஓட்டத்தில் அது காட்டுவதை நம்ப முடியாது.

எந்த மீட்டரானாலும் கடைசித் தீர்ப்பு டிரம்மும் தராசும்தான். குளிர்ந்த தண்ணீரில், ஹீட்டர் அணைந்த நிலையில், திரும்பும் ஓட்டத்தை ஒரு டிரம்முக்குத் திருப்பி 60 நொடி பிடித்து எடை போடுங்கள். 120 கிலோ வர வேண்டிய இடத்தில் 112 வந்தால் விஷயம் முடிந்தது. மீட்டரைக் கழற்றி அளவுத்திருத்த ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். நீங்களே உள்ளே திருகித் திருத்த வேண்டாம்.

தண்ணீர்ப் பக்கம் அதிகமாக வருகிறதா?

கொடுத்ததைவிட அதிகம் வருவது நடக்காத காரியம். ஆகவே ஏதோ ஒரு மீட்டர் பொய் சொல்கிறது. ஒருமுறை இதற்காக மூன்று நாள் அலைந்தேன். தண்ணீர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதாகக் கணக்கு வந்தது. ஃப்ளோமீட்டரை இரண்டு தடவை சோதித்தேன், உணரிகளை மாற்றினேன், காப்புறையைப் பிரித்துக் கட்டினேன். கடைசியில் குற்றவாளி மேசை மேலேயே இருந்தது: திறனை அளக்க நாங்கள் பயன்படுத்திய சாதாரண மல்டிமீட்டர்.

விஷயம் இதுதான். ஹீட்டருக்குப் போகும் மின்சாரத்தைத் தைரிஸ்டர் என்ற மின்னணுச் சுவிட்ச் ஒவ்வொரு அரை அலையிலும் வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. சாதாரண மீட்டர் முழு அலை என்று நினைத்துக்கொண்டு சராசரியை அளந்து எண்ணைச் சொல்லிவிடும். அரை அலையின் நடுவில் தைரிஸ்டர் திறக்கும் நிலையில், மின்னழுத்தம் 29 சதவீதம் குறைவாகத் தெரியும். மின்னோட்டமும் அதே அளவு குறைவாகத் தெரியும். இரண்டையும் பெருக்கினால் உண்மையான திறனில் பாதிதான் தெரியும். மீட்டரின் மேல் ‘ட்ரூ ஆர்.எம்.எஸ்.’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று கட்ட மின்சாரம் என்றால் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக அளந்து கூட்டுங்கள். ஒன்றை அளந்து மூன்றால் பெருக்குவது, ஒரு கோல் எரிந்துபோன அன்று உங்களை ஏமாற்றிவிடும்.

மின்திறன் சரி, ஓட்டம் சரி, இன்னும் அதிகம்தான் வருகிறதா?

வெளியேற்ற உணரி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கட்டின் மேல் முனைக்கு நேர் மேலே இருந்தால் அது நடுச் சந்திலிருந்து வரும் சூடான தண்ணீரை மட்டும் சுவைக்கிறது. ஓரச் சந்துகளில் வரும் தண்ணீர் குளிர்ந்தது, அது கணக்கிலேயே வரவில்லை. உணரியைக் கீழோட்டத்தில், இரண்டு வளைவுகளைத் தாண்டி வையுங்கள். இடமில்லை என்றால் தடுப்புத் தகடுகள் வைத்த கலக்கும் அறை ஒன்றை வெல்டரிடம் செய்து வாங்குங்கள். அழுத்தம் தாங்கும் பாகம் என்பதால் வெல்டையும் நீரழுத்தச் சோதனையையும் தகுதி பெற்றவரே செய்ய வேண்டும்.

## அறிகுறி 2: ஒரே ஒரு கோல் மட்டும் சூடாக இருக்கிறது

மற்ற எட்டும் 85 டிகிரி காட்டும்போது ஒன்று மட்டும் 110 காட்டுகிறது. ‘தெர்மோகப்பிள் கெட்டிருக்கும்’ என்றுதான் முதலில் தோன்றும். இருக்கலாம். ஆனாலும் தேடல் முடியும்வரை திறனை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து வையுங்கள்.

திறனைக் குறைத்ததும் வித்தியாசமும் அதே விகிதத்தில் குறைகிறதா?

குறையவில்லை, 25 டிகிரி அப்படியே நிற்கிறது என்றால் அது அளவீட்டுக் கோளாறு. பேனலில் அந்தத் தெர்மோகப்பிளையும் பக்கத்துத் தெர்மோகப்பிளையும் இடம் மாற்றி மாட்டுங்கள். பிழை அதே சேனலில் நின்றால் கோளாறு பேனலின் அளவீட்டுக் கார்டில். பிழை கம்பியோடு நகர்ந்தால் கம்பி அல்லது உணரி. கோலின் உறையிலேயே மின்சாரம் பாயும் வகை ஹீட்டர் என்றால், தெர்மோகப்பிள் முனை உறையைத் தொட்டு மின்னழுத்தத்தை உறிஞ்சியிருக்கலாம். கே வகைத் தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்குத் தருவது 41 மைக்ரோவோல்ட்தான். ஒரே ஒரு மில்லிவோல்ட் கலந்தாலும் 24 டிகிரி போய்விடும். ஒரு நொடி மின்சாரத்தைத் துண்டித்துப் பாருங்கள்: அந்த நொடியிலேயே ரீடிங் விழுந்தால் மின்கலப்பு, மெல்ல இறங்கினால் உண்மையான சூடு.

25 என்பது எட்டாகக் குறைகிறது என்றால் கோல் உண்மையாகவே சூடாக இருக்கிறது. இப்போது தண்ணீரைப் பாருங்கள்.

உண்மையான சூடு: எங்கே?

கோலின் முழு நீளமும் சூடா, ஒரு இடம் மட்டுமா? முழு நீளமும் என்றால் அந்தக் கோலுக்கு மின்சாரம் அதிகம் போகிறதா என்று கிளாம்ப் மீட்டரால் பாருங்கள். ஒரே இடம் என்றால், அது ஸ்பேசர் கிரிட்டுக்கு (கோல்களை இடைவெளி மாறாமல் பிடித்து நிறுத்தும் சட்டம்) மேலா கீழா? கிரிட்டைத் தாண்டிய உடனே தண்ணீர் கலங்கி ஓடுவதால் அங்கே கோல் குளிர்ந்திருக்க வேண்டும். அந்தக் கலக்கம் மெல்ல அடங்கி, அடுத்த கிரிட்டுக்குச் சற்று முன்னால் கோல் அதிகச் சூட்டுக்கு வரும். இந்த ஏற்ற இறக்கம் இயல்பானது, பிழையல்ல. கிரிட்டுக்கு உடனடி மேலே சூடு இருந்தால்தான் கவலை. அங்கே ஏதோ சிக்கியிருக்கிறது.

எங்கள் லூப்பில் ஒருமுறை கோல் கட்டை வெளியே எடுத்தபோது, இரண்டாவது கிரிட்டின் ஒரு ஸ்பிரிங்கில் வெள்ளையாக நூல் மாதிரி ஒன்று சுற்றியிருந்தது. இடுக்கியால் இழுத்தபோது அது நீளமாக வந்துகொண்டே இருந்தது. நான்கு விரல் நீளம். மரைகளில் சுற்றும் டெஃப்லான் டேப். யாரோ ஒரு ஃபிட்டிங்கை மாட்டும்போது மரையின் முதல் சுற்றையும் சேர்த்துச் சுற்றிவிட்டிருக்கிறார்கள். நுனி உள்ளே நீட்டிக்கொண்டிருந்து, பிய்ந்து, தண்ணீரோடு வந்து 3.1 மி.மீ. சந்தில் உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து மரையின் முதல் இரண்டு சுற்றை வெறுமையாக விட்டுத்தான் டேப் சுற்றுகிறோம்.

இது சின்ன லூப்புக்கு மட்டும் வரும் வியாதி இல்லை. 1966 அக்டோபர் 5 அன்று அமெரிக்காவின் ஃபெர்மி 1 உலையில், உள்ளே கழன்ற ஒரு சிர்கோனியத் தகடு குளிர்விப்பான் நுழையும் வழியை அடைத்தது. எரிபொருள் கட்டுகளில் இரண்டு ஓரளவு உருகின. உலைகளின் கட்டுகளுக்கு அடியில் இன்று குப்பை வடிகட்டும் தட்டு வைப்பது, சிறு உலோகத் துணுக்குகள் கிரிட்டில் சிக்கிக் கோலின் உறையை அராவி ஓட்டை போடுவதால்தான்.

எதுவும் சிக்கவில்லை என்றால்: வளைந்த கோல்

1 மீட்டர் எஃகுக் கோல் 200 டிகிரி சூடேறினால் 3.4 மி.மீ. நீள்கிறது. ஒரு முனை நழுவ இடம் இல்லாவிட்டால் அது வில்லாக வளைந்து பக்கத்துக் கோலைத் தேடிப் போகும். நழுவும் முனையின் ஓ-ரிங் இறுகிவிட்டதா என்று முதலில் பாருங்கள், அநேகமாக அதுதான். கோல் கட்டை எடுத்ததும் ஃபீலர் கேஜால் (சந்தை அளக்கும் மெல்லிய தகடுகள்) எல்லாச் சந்துகளையும் அளந்துவிடுங்கள். 3.1 இருக்க வேண்டிய இடம் 2.5-க்குக் கீழே போயிருந்தால் கோலை நிமிர்த்தப் பார்க்காதீர்கள். உள்ளிருக்கும் காப்புப் பொடி நொறுங்கிவிடும். தயாரித்தவரிடம் அனுப்புங்கள்.

## அறிகுறி 3: எல்லாக் கோல்களுமே எதிர்பார்த்ததைவிடச் சூடு

வெப்பக் கணக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனாலும் வெப்ப மாற்றுக் குணகம் (கோலுக்கும் தண்ணீருக்கும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எவ்வளவு வெப்பம் போகிறது என்பது) குறைவாக வருகிறது. சதுர மீட்டருக்கும் டிகிரிக்கும் 15 கிலோவாட் வர வேண்டிய இடத்தில் 10 வருகிறது.

முதலில் கணக்கைப் பாருங்கள், செலவில்லாதது. தெர்மோகப்பிள் கோலின் மேற்பரப்பில் இல்லை, உறைக்குள் புதைந்திருக்கிறது. அது 0.5 மி.மீ. ஆழத்தில் இருந்தால், சதுர மீட்டருக்கு 500 கிலோவாட் பாயும்போது அந்த அரை மில்லிமீட்டர் எஃகிலேயே 15 டிகிரிக்கு மேல் விழுகிறது. தண்ணீருக்கும் கோலுக்கும் இடையே உண்மையில் 33 டிகிரிதான். நீங்கள் பார்ப்பதோ 49. பதினைந்து பத்தாகத் தெரிவது இதனால்தான். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது இதில் விழுகிறார்கள். கோலின் வரைபடத்தில் புதை ஆழம் இருக்கும். அதைக் கழித்துவிட்டு மறுபடி கணக்கிடுங்கள்.

எதனோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதும் முக்கியம். இந்தக் குணகத்தைக் கணிக்கும் டிட்டஸ்–போல்ட்டர் சூத்திரம் வட்டக் குழாய்க்கு வந்தது. சதுர அடுக்கில் நிற்கும் கோல்களுக்கு வைஸ்மன் தந்த திருத்தம் உண்டு. இடைவெளி விகிதம் (மையத்திலிருந்து மையம் உள்ள தூரத்தை விட்டத்தால் வகுத்தது) 1.3 அளவில் அது குழாய்க் கணக்கைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தரும். குழாய்ச் சூத்திரத்தை வைத்து ‘சரியாக வந்துவிட்டது’ என்று மகிழ்ந்தால், உண்மையில் லூப் குறைவாகவே தந்துகொண்டிருக்கலாம்.

கணக்கு சரி. கோலில் படிவு இருக்கிறதா?

பார்வைக் கண்ணாடி வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். கோல் வெளிறிய பழுப்பாகவோ சாம்பல் பூசியதாகவோ தெரிந்தால் படிவு. 0.1 மி.மீ. தடிப்பு, ஒரு தாளின் கனம்தான். ஆனால் அந்தச் சுண்ணாம்புப் படிவு 500 கிலோவாட்டில் 50 டிகிரியைத் தானே வைத்துக்கொள்ளும். படிவு என்றால் குணகம் வாரா வாரம் மெல்லக் குறைந்துகொண்டே வந்திருக்கும். பழைய நோட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். மெல்லிய படிவைச் சிட்ரிக் அமிலக் கரைசல் எடுத்துவிடும். அது போகாவிட்டால் வலுவான அமிலத்துக்கு நீங்களாகப் போகாதீர்கள். உறையின் உலோகம் தெரிந்த ரசாயனச் சுத்திகரிப்பாளரைக் கூப்பிடுங்கள்.

படிவும் இல்லை. தண்ணீர் கோல்களைச் சுற்றித்தான் போகிறதா?

ஃப்ளோமீட்டர் சொல்வது லூப்பில் ஓடும் ஓட்டத்தை. அது முழுவதும் கோல்களுக்கு நடுவே போகிறது என்று மீட்டர் உறுதி சொல்லவில்லை. தண்ணீருக்கு எங்கே தடை குறைவோ அங்கேதான் போகும். வெளிக் கூட்டுக்கும் ஓரக் கோலுக்கும் நடுவே 1.55 மி.மீ. இருக்க வேண்டியது 3 மி.மீ. ஆகிவிட்டால், நடுக் கோல் தாகத்தோடு நிற்கும்.

ஹங்கேரியின் பாக்ஸ் அணுமின் நிலையத்தில் 2003 ஏப்ரல் 10 அன்று நடந்தது இதே வகைப் பிழை. 30 எரிபொருள் கட்டுகளை ஒரு தொட்டியில் வைத்து, படிந்திருந்த மேக்னடைட்டை (ஒருவகை இரும்பு ஆக்சைடு) சுத்தம் செய்தார்கள். சுத்தம் முடிந்தபின் கட்டுகள் தொட்டியிலேயே இருந்தன. சிறிய பம்ப் ஒன்று தண்ணீர் ஓட்டிக்கொண்டிருந்தது. பம்ப் ஓடியது, தண்ணீரும் ஓடியது. ஆனால் அந்தத் தண்ணீரில் பெரும் பங்கு கட்டுகளின் கீழ்ப்பகுதியில் இருந்த துளைகள் வழியே குறுக்குவழியில் வெளியே போய்விட்டது. மேலே இருந்த தண்ணீர் தேங்கிக் கொதித்து, நீராவி கோல்களை மூடியது. உலை ஓடவே இல்லை, உலை நின்ற பிறகும் எரிபொருளிலிருந்து வந்துகொண்டிருக்கும் எஞ்சிய வெப்பம் மட்டும்தான். முப்பது கட்டுகளும் சேதமாயின. எனக்குத் தெரிந்தவரை ‘ஓட்டம் இருக்கிறது’ என்பதும் ‘குளிர்கிறது’ என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

லூப்பில் இதைப் பார்க்க: ஒரே ஓட்டத்தில் அழுத்த இழப்பு பழைய நோட்டில் இருப்பதைவிடக் குறைந்திருக்கிறதா? நடுக் கோலுக்கும் ஓரக் கோலுக்கும் வித்தியாசம் கூடியிருக்கிறதா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் கட்டின் அடித்தட்டில் உள்ள சீல், கூட்டின் பக்கத் தகடு, வடிகால் வால்வு என்று வரிசையாகப் பாருங்கள். முழுதாக மூடாத வடிகால் வால்வுதான் அடிக்கடி மாட்டுவது.

## அறிகுறி 4: சுவர் வெப்பநிலை திடீரென்று எகிறுகிறது

முதலில் திறனைத் துண்டியுங்கள். படிப்பதெல்லாம் அப்புறம்.

கொதிநிலைச் சோதனைகளில் கோலின் மேல் குமிழ்கள் சேர்ந்து ஒரு நீராவிப் போர்வையாகிவிட்டால் தண்ணீர் கோலைத் தொட முடியாது. அந்தக் கணத்திலிருந்து உறை நொடிகளில் நூற்றுக்கணக்கான டிகிரி ஏறும். கையால் சுவிட்சைத் தேடிப் போக நேரம் இருக்காது. தானாக வெட்டும் அமைப்பு இல்லாமல் கொதிநிலைச் சோதனை செய்யவே கூடாது. 1 மெகா பாஸ்கல் அழுத்தத்தில் தண்ணீர் 180 டிகிரியில் கொதிக்கும். ஆழத் திருத்தம் போக, அதற்கு மேல் 50 டிகிரியைத் தாண்டினால் வெட்டும்படி நாங்கள் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு சோதனை நாள் காலையிலும் அந்த வரம்பைத் தற்காலிகமாகக் கீழே இறக்கி, காண்டாக்டர் (மின்சாரத்தை வெட்டும் பெரிய சுவிட்ச்) உண்மையாகவே விழுகிறதா என்று காதால் கேட்டுப் பாருங்கள்.

‘மீட்டர் உளறுகிறது’ என்று நினைக்கத் தூண்டும் இடமும் இதுதான். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் உலை மையத்தின் மேல் இருந்த தெர்மோகப்பிள்களின் ரீடிங் வரம்பைத் தாண்டியபோது கணினி கேள்விக்குறிகளை அச்சடித்தது. ஆட்கள் போய்க் கம்பி முனைகளில் கையால் அளந்தார்கள். சிலவற்றில் 1000 டிகிரிக்கு மேல் வந்தது. அந்த எண்கள் நம்பத்தகாதவை என்று ஒதுக்கப்பட்டன. ஆனால் அந்த நேரத்தில் மையம் உண்மையிலேயே தண்ணீரை இழந்து வெந்துகொண்டிருந்தது. ரீடிங் பொய் என்று சந்தேகப்பட உங்களுக்கு முழு உரிமை உண்டு; திறன் பூஜ்யத்தில் இருக்கும்போது சந்தேகப்படுங்கள்.

துண்டித்த பிறகு பாருங்கள். எகிறியது ஒரு கோலா, பலவா? சூடாகும் நீளத்தின் மேல் முனையிலோ கிரிட்டுக்குச் சற்றுக் கீழேயோ என்றால் எதிர்பார்க்கும் இடம்தான். நீங்கள் உண்மையான எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். அடுத்த தடவை ஓட்டத்தைக் கூட்டுங்கள் அல்லது நுழைவு நீரைக் குளிரவையுங்கள். வேறு இடத்தில், அதுவும் குறைந்த திறனிலேயே என்றால் அறிகுறி 2-க்குத் திரும்புங்கள். அதே நொடியில் ஓட்டமும் விழுந்ததா என்று பதிவில் பாருங்கள். விழுந்திருந்தால் பிழை பம்பிலோ ஓட்ட ஊசலிலோ இருக்கிறது.

உறை நிறம் மாறி நீலமாகவோ கறுப்பாகவோ தெரிந்தால், ரீடிங் பிறகு சரியாக வந்தாலும் அந்தக் கோலை மறுபடி இயக்காதீர்கள். தயாரித்தவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

## அறிகுறி 5: அழுத்த இழப்பு பழைய எண்ணோடு பொருந்தவில்லை

ஓட்டத்தை இரட்டித்தால் கோல் கட்டின் அழுத்த இழப்பு மூன்றரையிலிருந்து நான்கு மடங்குக்குள் ஆக வேண்டும். இதற்கு வெளியே போனால், தண்ணீரைவிட அளக்கும் குழாய்களையே முதலில் சந்தேகப்படுங்கள். பம்பை நிறுத்தினால் டிரான்ஸ்மிட்டர் பூஜ்யம் காட்டுகிறதா? இல்லையென்றால் சிறு குழாய்களில் காற்று. செங்குத்துக் குழாயில் 10 செ.மீ. காற்றுத் துண்டு இருந்தாலே 1 கிலோ பாஸ்கல் பிழை. மொத்த இழப்பே 16 கிலோ பாஸ்கல் அளவில்தான் இருக்கும்போது அது பெரிது. குமிழ் வருவது நிற்கும்வரை இரண்டு பக்கமும் வடித்துவிடுங்கள்.

பூஜ்யம் சரி, ஆனால் நாளுக்கு நாள் ஏறுகிறது என்றால் ஸ்ட்ரெய்னரை (குழாயில் உள்ள வடிகட்டி) திறந்து கழுவுங்கள். ஸ்ட்ரெய்னரில் வந்ததைக் கொட்டிவிடாமல் வெள்ளைத் துணியில் பரப்பிப் பாருங்கள். துரு என்றால் குழாய், கறுப்பு ரப்பர் என்றால் கேஸ்கெட், பளபளக்கும் துகள் என்றால் பம்ப் பேரிங். கடைசியாகச் சொன்னது என்றால் அன்றே பம்ப் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 6: ஓட்டம் மேலும் கீழும் ஊசலாடுகிறது

கொதிக்காத நிலையிலேயே ஊசல் என்றால் தண்ணீரில் காற்று கரைந்திருக்கிறது. புதிதாக நிரப்பிய தண்ணீர் சூடேறும்போது பால் மாதிரி வெளுத்துப் போவதைக் கண்ணாடி வழியே பார்க்கலாம். 80–90 டிகிரியில் ஒரு மணி நேரமாவது ஓட்டி, உச்சியில் உள்ள வென்ட்டைத் திறந்து காற்றை வெளியேற்றுங்கள்.

கொதிக்கும்போது மட்டும் ஊசல் என்றால், ஊசலின் நேரத்தை நொடி கணக்கில் குறியுங்கள். தண்ணீர் கட்டைக் கடக்க எடுக்கும் நேரத்தில் ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு வந்தால் அது அடர்த்தி அலை: நீராவி மிகுந்த தண்ணீரும் குறைந்த தண்ணீரும் மாறி மாறிக் கட்டைக் கடக்கின்றன. கட்டுக்கு முன்னால் இருக்கும் வால்வைக் கொஞ்சம் மூடி, பம்பின் வேகத்தைக் கூட்டி அதே ஓட்டத்துக்கு வாருங்கள். நுழைவில் தடை கூடினால் லூப் அமைதியாகும். வெளியேற்ற வால்வை மூடினால் நிலைமை மோசமாகும். அவசரத்தில் எல்லாரும் தொடுவது அதைத்தான். ஊசல் அதைவிட மிக மெதுவாக, பெரிதாக இருந்தால் கட்டுக்கு முன்னால் எங்கோ காற்று அடைபட்டு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது. அதைத் தேடி வடித்துவிடுங்கள்.

இரண்டும் செய்த பிறகும் ஊசல் கூடிக்கொண்டே போனால் திறனை இறக்கிவிட்டு, லூப்பை வடிவமைத்தவரிடம் பதிவுகளைக் காட்டுங்கள். அழுத்தத்தைக் கூட்டினால் அடங்கும்தான். ஆனால் கலனின் அனுமதித்த அழுத்தத்துக்கு மேல் போகும் ஆசை வரக்கூடாது, பாதுகாப்பு வால்வின் அமைப்பில் கையே வைக்கக்கூடாது.

## அறிகுறி 7: பம்பில் கூழாங்கல் உருளும் சத்தம்

உறிஞ்சும் பக்கத்தில் தண்ணீர் கொதிக்கிறது. 60 டிகிரியில் தண்ணீரின் ஆவி அழுத்தம் 20 கிலோ பாஸ்கல், 80-இல் 47. காலையில் அமைதியாக ஓடிய பம்ப் மதியம் சத்தம் போடுவது இதனால்தான். உறிஞ்சும் பக்க வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதா, ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கிறதா, குளிர்விக்கும் வெப்பப் பரிமாற்றிக்குத் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் குளிர்ந்த தண்ணீரிலேயே சத்தம் என்றால் அது பேரிங். நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 8: சுவிட்ச் போட்டதும் எர்த் லீக்கேஜ் டிரிப் ஆகிறது

மின்சாரம் உலோகம் வழியே தரைக்குக் கசிந்தால் இந்தப் பாதுகாப்புச் சுவிட்ச் இணைப்பைத் துண்டிக்கும். சில வாரம் சும்மா கிடந்த லூப்பில் இது வரும். ஹீட்டர் கோலின் உள்ளே இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பொடி காற்றின் ஈரத்தைக் குடித்துவிடுகிறது. டிரிப்பைத் தாண்டி ஓட்ட வழி தேடாதீர்கள். தண்ணீரும் நீங்களும் அதே உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டு போட்டு, ஒவ்வொரு கோலையும் தனியாகக் கழற்றி 500 வோல்ட் மெக்கரால் (மின்காப்பின் தடையை அளக்கும் கருவி) சோதியுங்கள். எட்டுக் கோல் 100 மெகா ஓமுக்கு மேல் காட்டி ஒன்று மட்டும் ஒன்றுக்குக் கீழே காட்டினால் ஆள் கிடைத்துவிட்டார். எல்லாமே குறைவு என்றால் ஈரம்தான். கோல்களை 120 டிகிரி அடுப்பில் ஓர் இரவு வைத்து எடுத்து, சூடு ஆறும்முன் முனைகளைச் சீல் வைத்து, மறுபடி அளவிடுங்கள். எண் ஏறினால் மாட்டலாம். ஏறாத கோலில் உறை விரிசல் விட்டிருக்கிறது, தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு, மின் இணைப்பை உரிமம் பெற்ற மின் பணியாளர் ஒருவர் பார்த்த பிறகே லூப்பை மறுபடி இயக்குங்கள்.